ஆசை இளைப்பாறும் இடங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே கன்னியாகுமரிக்கு வண்டிகள் வந்தபடியே இருக்கின்றன. மதுரையிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து, இன்னும் தொலைவிலிருந்து, கூரைமேல் பைகளைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முப்பந்தலில் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுழல்கின்றன. ஜன்னலோரத்துக் குழந்தை அவற்றை எண்ணத் தொடங்கி, முப்பதில் கணக்குத் தவறி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. பெரியவர்களின் எண்ணிக்கை வேறு. படகு வரிசையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், பத்மநாபபுரம் அரண்மனையை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்ப முடியுமா. உடல் கணவாயில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது. மனம் மூன்று ஊர் தாண்டிப் போய்விட்டது.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முன்னால் ஓடுவது மனத்தின் இயல்பு. ஓடட்டும். எதைத் தேடி அது ஓடுகிறது என்பதை மட்டும், இந்தக் கோடைப் பயணத்தில் கூடவே அமர்ந்து, நாம் மெல்லப் பார்த்துக்கொண்டு வருவோம்.

கன்னியாகுமரியில் பே வாட்ச் என்றொரு நீர் விளையாட்டுப் பூங்கா. வெயில் ஏறிய பகலில் அங்கே உயரமான சறுக்கு ஒன்றின் அடியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பிள்ளைகள் பேசிக்கொண்டே படியேறுகிறார்கள். உச்சியை எட்டியதும் பேச்சு நின்றுவிடுகிறது. கீழே பார்க்கிறார்கள். பின்னால் நிற்கிறவனைப் பார்க்கிறார்கள். கம்பியை இறுகப் பிடிக்கிறார்கள். பிறகு எப்படியோ கை தானாக விட்டுவிடுகிறது. வழுக்கி வரும் அந்தச் சில நொடிகளில் அந்தப் பிள்ளைக்கு நேற்று இல்லை, நாளை இல்லை, பரீட்சை மதிப்பெண் இல்லை, அண்ணனுக்கு மட்டும் பெரிய ஐஸ்கிரீம் வாங்கித் தந்த வருத்தமும் இல்லை. தொப்பென்று தண்ணீரில் விழுந்து, மூக்கில் ஏறிய நீரைச் சீறித் துடைத்துக்கொண்டு தலைதூக்கும்போது அதன் முகத்தில் ஒரு தெளிவு தங்கியிருக்கிறது. நெடுநாள் தியானம் பழகியவர்களின் முகத்தில் நாம் காணும் தெளிவுக்கு அது மிகவும் நெருக்கம்.

அடுத்த கணம், "இன்னொரு தடவ!"

இந்த இன்னொரு தடவையை நாம் எல்லோரும் அறிவோம். வயது ஏற ஏற, கேட்கும் குரல் மட்டும் தணிந்துபோகிறது. என்ன நடந்தது அங்கே? ஓர் ஆசை நிறைவேறியது. நிறைவேறியதும் கேட்டுக்கொண்டே இருந்த மனம் சற்று ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் அமைதி தெரிந்தது. யாரும் கொண்டுவந்து தந்த அமைதி அல்ல அது. முன்பே இருந்தது, கேட்கிற சத்தம் அடங்கியதும் தெரிந்தது. நாமோ அதைச் சறுக்கின் பெயரில் வரவு வைத்துவிடுகிறோம். சறுக்குதான் தந்தது என்று நம்பி மறுபடி படியேறுகிறோம். அது அலுத்தால் இன்னும் உயரமான சறுக்கு. அதுவும் அலுத்தால் வேறு ஊர், வேறு விடுமுறை. ஒரு முறையாவது, தண்ணீரிலிருந்து தலைதூக்கிய அந்தக் கணத்திலேயே சற்று நின்று, இந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை.

கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை, மலையேற வேண்டியதில்லை, பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கவும் வேண்டியதில்லை.

கடைத்தெருவுக்கு வருவோம். பாசிமாலை, சிப்பி பதித்த கண்ணாடிச் சட்டம், பெயர் பொறித்துத் தரும் சங்கு, பொட்டலம் கட்டிய பல நிற மணல். முக்கடல் கூடும் இந்தக் கரையின் மணலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு அதே கரையில் நடப்பது வேடிக்கைதான், ஆனாலும் வாங்குகிறோம். குழந்தை சங்கு கேட்டு அழுகிறது. கிடைத்ததும் காதில் வைத்துக்கொண்டு கண் விரிய நிற்கிறது. வண்டி சுசீந்திரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறது, சங்கு இருக்கைக்கு அடியில் உருள்கிறது. "இதுக்கா மக்களே அவ்வளவு அழுத?" என்று அம்மை கேட்கிறாள். அப்படிக் கேட்கிற நம் கைப்பேசியில் சென்ற ஆண்டுப் பயணத்தின் நூற்றுக்கணக்கான படங்கள், ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கப்படாமல் உறங்குகின்றன. குழந்தை கேட்கிறது, பெறுகிறது, மகிழ்கிறது, மறக்கிறது. மறந்ததற்காக வருந்துவதும் இல்லை. நாம் பெறுகிறோம், பெற்றதை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். அங்கேதான் பாரம் ஏறுகிறது. ஆசையைக் காட்டிலும் ஆசையை ஒரேயடியாகத் தீர்த்துவிட வேண்டும் என்ற பரபரப்புதான் நம்மைக் களைப்படையச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மெழுகுச் சிலைக் காட்சியகமும் இங்கே இருக்கிறது. அசையாமல் நிற்கும் பெரிய மனிதர்களின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அசையாமை எல்லாம் அமைதி ஆகிவிடாது என்பதை அங்கே தெரிந்துகொண்டு வெளியே வரலாம்.

பிறகு பாறை. 1892 டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் அமர்ந்திருந்த பாறை. அன்று அங்கே மண்டபம் இல்லை, திருவள்ளுவர் சிலை இல்லை, வரிசையும் இல்லை. இன்று பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுக்காகக் கோடையில் மணிக்கணக்கில் நிற்கிறோம். 1970இல் திறந்த நினைவு மண்டபத்தில் ஒரு தியான அறை உண்டு. வெளிச்சம் குறைந்த அந்த அறையில் ஓங்காரத்துக்கு எதிரே குடும்பங்கள் வந்து அமர்கின்றன. ஒருவர் இருமுகிறார். ஒரு குழந்தை எழுந்துபோய் மறுபடி வந்து உட்காருகிறது. சில நிமிடங்கள்தான். வெளியே வரும்போது எல்லோரும் சற்றே தணிந்த குரலில் பேசுகிறார்கள். ஆனால் எதிரே கண்ணாடிப் பாலம் தெரிகிறது. 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது. நினைவு மண்டபத்தையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைத்து 77 மீட்டர் நீள்கிறது. காலடியில் கடல் தெரியும் என்றதும் தணிந்த குரல் உயர்ந்துவிடுகிறது. தியான அறையில் கிடைத்தது தியான அறையிலேயே தங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓடுகிறோம். பாலத்தின் நடுவில், காலைக் கண்ணாடிமேல் வைக்கத் தயங்கி மூச்சை இழுத்துப் பிடிக்கும் அந்த ஒரு நொடியிலும் நமக்குக் கிடைப்பது அதேதான். இரண்டுக்கும் தனித்தனியே பெயர் வைத்துவிட்டோம்.

இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அது வேடிக்கைக்காகக் கட்டியதே அல்ல. திருவட்டாறு அருகே மாத்தூர்த் தொட்டிப்பாலம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் போக வேண்டும். நடுவே பரளியாறு ஓடும் பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. தண்ணீரைத் தொட்டியில் ஏந்தி ஆற்றுக்கு மேலே நடத்திக்கொண்டு போனார்கள். 1966இல் எழுந்தது. 28 தூண்கள், நூறு அடிக்கும் மேற்பட்ட உயரம். கீழே ஆற்று நீர், மேலே கால்வாய் நீர், ஒன்றையொன்று தொடாமல் கடக்கின்றன.

கோதையாறு பாசனத்துக்கு அணைகளைத் திறப்பது வழக்கமாக ஜூன் தொடக்கத்தில். ஆகவே கோடை விடுமுறைக்கு வருகிறவர்களின் கண்ணுக்குப் பெரும்பாலும் வெறும் தொட்டிதான் தெரியும். வெயிலில் வெளுத்த சிமென்ட், அடியில் கொஞ்சம் சருகு. "இதப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்ற குரல் எப்படியும் ஒன்று எழும். எழாமல் இருந்தால்தான் வியப்பு. அப்படி ஒரு குரல் எழுந்தபோது, முட்டு வலியோடு நடந்து வந்த ஓர் ஆச்சி, பாலத்தின் ஓரமாக அமர்ந்தபடி சொன்னாள்: "தண்ணி இல்லாட்டி என்ன மக்கா, காத்து வருதுல்லா."

நடைபாதை குறுகலானது. முன்னால் போகிறவரை முந்த முடியாது; அவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும். நிற்கிறோம். ரப்பர் மரங்களும் தென்னைகளும் கீழே பச்சையாய் விரிந்து கிடக்கின்றன. ஆற்றில் யாரோ துணி துவைக்கும் ஓசை சற்றுத் தாமதித்து மேலே வருகிறது. எதிர்பார்த்தது இல்லை, வேறொன்றை எதிர்பார்க்கவும் அங்கே வழியில்லை. அரைமணி கழிந்தால், ஏமாந்து வந்த முகங்கள் எப்படியோ இளகியிருக்கின்றன. சறுக்கில் இறங்கிய பிள்ளையின் முகத்தில் கண்டோமே, அதன் சாயல். இங்கே எந்த ஆசையும் நிறைவேறவில்லை. கேட்டது கிடைக்கவே இல்லை. ஆனாலும் கேட்பது ஓய்ந்தது, ஓய்ந்ததும் அமைதி தெரிந்தது. கிடைத்த இடத்திலும் அதே அமைதி, கிடைக்காத இடத்திலும் அதே அமைதி என்றால், இத்தனை நாளும் யார் பெயரில் வரவு வைத்துக்கொண்டிருந்தோம்?

பத்மநாபபுரத்துக்குத் திங்கட்கிழமை போய்ச் சேருகிறவர்களுக்கும் இது வாய்க்கும். அன்று அரண்மனைக்கு விடுமுறை. சாத்திய கதவுக்கு முன் ஐந்து நிமிடம் சண்டை நடக்கும்: யார் விசாரித்திருக்க வேண்டும், யார் மறந்தது. அதன்பிறகு யாராவது நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

சாமித்தோப்பு பலருடைய பட்டியலில் இருப்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சற்றே விலகினால் போதும். அய்யா வைகுண்டர் வாழ்ந்த இடம். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொன்னவர் அவர். இன்றும் ஆண்கள் தலையில் துணி கட்டித்தான் உள்ளே போகிறார்கள். பதி எனப்படும் அந்த வழிபாட்டிடத்தில் சிலை கிடையாது. விளக்குகளுக்கு இடையே ஒரு கண்ணாடி. அதன் முன்னே போய் நின்றால், வெயிலில் கறுத்து, காற்றில் தலைமுடி கலைந்து, நாள் முழுவதும் எதை எதையோ பார்த்துவந்த முகம் நம்மைப் பார்க்கிறது. விளக்கம் எதையும் யாரும் சொல்வதில்லை. சிறு பிள்ளைகள் தங்களைக் கண்டு சிரித்துவிடுகிறார்கள். சிரிக்கட்டும் என்று பெரியவர்களும் விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க நாம் கேட்டுவந்த கேள்விக்கு அங்கே யார் பதில் சொல்ல வேண்டும் என்பது, கேட்காமலே தெரிந்துவிடுகிறது.

உங்கள் பயணம் சித்ரா பௌர்ணமியோடு ஒத்துப்போனால் அது பெரிய பேறு. அன்று மாலை கன்னியாகுமரிக் கரையில் நின்றால் மேற்கே கதிரவன் மறைவதும் கிழக்கே முழுநிலா எழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழும். வானம் தெளிவாக இருந்தால் இரண்டையும் நின்ற இடத்திலிருந்தே காணலாம். ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். சூரியனைப் பார்க்கும்போது நிலா வந்துவிட்டதோ என்று தலை திரும்புகிறது. நிலாவைத் தேடும்போது சூரியன் போய்விட்டதோ என்று மறுபடி திரும்புகிறது. கைப்பேசிகளும் கூடவே திரும்புகின்றன. இரண்டும் வேண்டும், இரண்டும் முழுதாக வேண்டும். கண்களோ ஒரு பக்கம்தான் பார்க்கும். இப்படித் திரும்பித் திரும்பியே பாதி நேரம் போய்விடும். பிறகு ஒவ்வொருவராக, தீர்மானித்து அல்ல, அலுத்துப்போய், ஏதோ ஒரு பக்கமாக நின்றுவிடுகிறார்கள். சிலருக்குச் சூரியன் வாய்க்கிறது, சிலருக்கு நிலா. ஒரு கைக்குழந்தைக்குத் தன் அப்பனின் சட்டைப் பொத்தான் வாய்க்கிறது. அது இரண்டையும் பார்க்கவில்லை, குறையொன்றும் அதற்கு இல்லை. நின்றுவிட்டவர்களின் தோள்கள் இறங்குவதைப் பின்னால் இருந்தே காணலாம். அவரவர் பங்குக்கு வந்ததை அவரவர் முழுதாகப் பார்க்கிறார்கள்.

இருட்டியபின் விடுதி அறையில் மறுநாள் பட்டியல் மறுபடி எழுதப்படும். வட்டக்கோட்டை விட்டுப்போயிற்று, முட்டம் கலங்கரை விளக்கம் விட்டுப்போயிற்று, உதயகிரிக் கோட்டையில் மான் இருக்கிறதாமே என்று ஒருவர் சொல்வார். சிதறால் மலையில் சமணர்கள் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்க்க வேண்டும் என்று படித்த மாமா ஒருவர் விடாப்பிடியாக நிற்பார். பட்டியல் நீளட்டும். அதைக் கிழித்துப்போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியல் எழுதும் நேரத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருக்கிறது! பிள்ளைகள் மட்டும் ஒரே குரலில் திற்பரப்பு என்பார்கள், அருவியில் தண்ணீர் குறைந்திருந்தாலும் பரவாயில்லை என்பார்கள். வாக்கெடுப்பு வந்தால் நாமும் அவர்கள் பக்கமே கை தூக்கலாம். மாற்றுத் துணி இரண்டு செட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குமுன் கிளம்பினால் கூட்டம் சேர்வதற்குள் போய்விடலாம்.