கருவி குருவாகுமா?

இரண்டாம் வகுப்பில் விதை முளைப்பதைப் பற்றிய பாடம் நடக்கிறது. சுவரில் உள்ள பெரிய திரையில் ஓர் அவரை விதை பிளக்கிறது, வேர் இறங்குகிறது, தண்டு நிமிர்கிறது, இலைகள் விரிகின்றன. எல்லாம் ஒரே நிமிடத்தில்! குழந்தைகள் மகிழ்ந்து கைதட்டுகிறார்கள். மறுநாள் அவர்களே மண்சட்டியில் விதை ஊன்றுகிறார்கள். இரண்டு நாட்களாகியும் ஒன்றும் நிகழவில்லை. பொறுமையிழந்த ஒரு குழந்தை மண்ணைக் கிளறி விதையை வெளியே எடுத்துப் பார்த்துவிடுகிறது.

எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடிய இச்சிறு நிகழ்ச்சி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. திரை பொய் சொல்லவில்லை. பல நாட்களில் நடப்பதைச் சுருக்கிக் காட்டியது, அவ்வளவே. ஆனால் காலத்தைச் சுருக்கியபோது, காத்திருத்தல் என்ற பாடமும் அதனுடன் விடுபட்டுப் போயிற்று.

இதனால் நவீனக் கருவிகளை வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. ராஜஸ்தானின் பாலைநிலத்தில் வாழும் குழந்தைக்குத் திரை கடலைக் காட்டுகிறது. பார்வையற்ற குழந்தைக்குப் பாடநூலைக் கருவி வாசித்துக் காட்டுகிறது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது தொலைக்காட்சியும் கைபேசியும்தான் பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சென்றன. ஆனால் அதே ஆண்டு வேறோர் உண்மையையும் உணர்த்தியது. கருவி இல்லாத வீட்டுக் குழந்தைகள் பின்தங்கினர். கருவி இருந்த வீடுகளிலும் சிறு குழந்தைகளின் அருகில் தாயோ தந்தையோ அமர வேண்டியிருந்தது.

ஏன்? தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லி இதற்கு வழிகாட்டுகிறது. ஆசிரியர் முன்பகுதி, மாணவன் பின்பகுதி, வித்யை அவர்கள் இணையும் இடம், போதனை அவர்களை இணைக்கும் சாதனம் என்று அது கல்வியை விளக்குகிறது. திரைக்கு இங்கே எது இடம்? போதனைக்குத் துணைபுரியும் சாதனம் என்பதே. அதை ஆசிரியரின் இடத்தில் வைத்தால் இணைப்பு இருக்கும். இணைய வேண்டியவரில் ஒருவர் இருக்கமாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தியில் இருபத்து மூன்றைத் ‘தேயீஸ்’ என்பார்கள். மூன்றைக் குறிக்கும் ஒலி முன்னும் இருபதைக் குறிக்கும் ஒலி பின்னும் வரும். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதும் குழந்தை 32 என்று எழுதிவிடுகிறது. கருவி ‘தவறு’ என்று காட்டுகிறது. நல்ல ஆசிரியையோ, “எப்படி எழுதினாய்? சொல், பார்க்கலாம்” என்று கேட்கிறார். அந்தத் தவறுக்குள் ஒரு நியாயம் இருந்ததை அவர் காண்கிறார். அக்காரணத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கருவிகளையும் திறமையாக அமைத்துவிடலாம். ஆனால் குழந்தைக்குத் தேவை திருத்தம் மட்டுமா? தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவர் அருகில் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் அல்லவா? அந்த நம்பிக்கையில்தான் அடுத்த முயற்சிக்கான துணிவு பிறக்கிறது.

கல்வியின் சாரம் செய்திகளைச் சேகரிப்பதல்ல, மன ஒருமைப்பாடே என்று வலியுறுத்தியவர் சுவாமி விவேகானந்தர். வண்ணமும் ஒலியும் மனத்தைப் பிடித்து நிறுத்துவது ஒருமைப்பாடு போலத் தோன்றலாம். ஆனால் பிறிதொன்றால் ஈர்க்கப்படும் மனம் வேறு. தானே முனைந்து ஈடுபடும் மனம் வேறு. திரை அணைந்ததும் முதலாவது அலைபாய்கிறது. இரண்டாவது, பார்ப்பதற்கு எதுவுமில்லாத மண்சட்டியின் முன்னும் நிலைத்து நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலை என்று அழைக்கிறது. எந்த வகை மனத்தை அந்த அடித்தளத்தில் அமைக்கப் போகிறோம் என்பது பெற்றோரும் ஆசிரியரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மண்ணைக் கிளறிய குழந்தையை ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு விதையைத் தந்து, ஊன்றச் செய்து, நாள்தோறும் அதனுடன் அமர்ந்து சட்டியைப் பார்த்தார். ஒருநாள் காலை மண் பிளந்து பசுந்தளிர் தலைகாட்டியது. அதன்பின் அதே படத்தை மீண்டும் திரையில் காட்டினார். இம்முறை யாரும் கைதட்டவில்லை. “மண்ணுக்குள்ளே இதுதான் நடந்துகொண்டிருந்ததா!” என்று அக்குழந்தை மெல்லக் கேட்டது.

அனுபவம் முதலில், படம் பின்னர். ஆசிரியர் எப்போதும் அருகில். இந்த வரிசை மாறாதவரை கருவியால் தீங்கில்லை. குருவின் கையில் அது நல்ல கருவியாக இருந்தால் போதும்.