கயிறு யார் கையில்?

முத்துக் குளிப்பவன் ஆழியில் மூழ்குவான். அவன் இடுப்புக் கயிற்றைப் பற்றியபடி படகிலே நிற்பான் மற்றொருவன். மூச்சு முட்டும்போது கயிறு அசையும். அவ்வசைவே மூழ்கியவனின் குரல்!

2018 மே 22. ஆலையை எதிர்த்துத் திரண்ட தூத்துக்குடி மக்கள்மீது துப்பாக்கி முழங்கிற்று. மறுநாளும் குண்டு பாய்ந்தது. மாய்ந்தோர் 13 பேர். அந்த மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை 5 நாள் முடக்க ஆணை பிறந்தது. வதந்தியைத் தடுக்கவாம்!

வதந்தி தீதே, மறுப்பாரில்லை. ஆனால், அது வளர்வது எங்கே? உண்மை ஊமையாக்கப்பட்ட இடத்திலன்றோ! விளக்கை அணைத்துவிட்டா திருடனைத் தேடுவது?

அம்முடக்கத்தின் வேர், வெள்ளையர் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டம். 1908-இல் சிதம்பரனாரைச் சிறையிலிட்ட ஆட்சியின் சட்டம், அவர் கப்பலோட்டிய துறைமுகத்து மக்களின் வாயை அடைத்தது! 2023-இல் புதுச் சட்டம் வந்தது. முடக்கும் அதிகாரம் அதிலும் உண்டு.

முடக்க ஆணைகளை வெளியிட வேண்டுமென 2020-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கை கோரியது. அவ்வறிக்கை சட்டமன்றத்தை எட்டியது 2022 அக்டோபரில். மக்களின் வாயடைக்க ஒரே நாள். அரசின் வாய் திறக்க நான்காண்டு!

மக்கள் பேச்சை ஆள்வோர் நிறுத்தலாம். ஆள்வோர் கோப்பை மக்கள் காணலாகாதெனில், இதில் எசமானன் யார், ஏவலன் யார்?

இளைஞனே, சிந்தி! கயிற்றைப் பிடிக்கத்தான் ஆட்சியைப் படகில் நிறுத்தினோம்; அறுப்பதற்கன்று. அறுத்த கை கணக்குக் கூறும்வரை கேட்டுக்கொண்டேயிரு!