ஆடுபலகையும் இல்லறமும்

கொல்லிமலையிலே குண்டனி நாடு முதலாகப் பல மலைநாடுகள் உள. அம்மலைக்குச் சதுரகிரி என்றும் ஒரு பெயர் வழங்கும். ஆங்கு எழுந்தருளியிருக்கும் பெருமானை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம், உலகியலறங்களை எடுத்தோதப் புகுந்து, தொடக்கத்திலேயே இல்லாளின் சிறப்பைக் கூறுகின்றது. இறைவனை விளித்துரைக்கும் நூல் வீட்டின் நடையை இத்துணை அணுக்கமாக வைத்துப் பேசுதலின், இல்லறத்தில் எழும் ஐயங்கள் சமயநெறிக்குப் புறம்பானவை அல்ல என்பது போதரும். அத்தகைய ஐயங்களுள் ஒன்று ஈண்டு ஆராயப்படுகின்றது.

கணவன் மனைவியாகிய இருவருள் ஒருவர் தம் நெஞ்சு முழுவதையும் ஓர் ஆடுபலகைக்கே ஒப்புவித்துவிடின், மற்றவர்க்குரிய அறம் யாது? பொறுத்திருத்தலா, தடுத்தலா, விலகுதலா? சோறு ஆறிக்கிடக்கின்றது, குழந்தை அழுகின்றது, விளக்கு நள்ளிரவும் எரிகின்றது, பலகையின்மேற் கவிந்த முகமோ நிமிர்வதில்லை. இது சிறு குறை என்று உலகம் நகைத்துவிடும். ஆயின் நாள்தோறும் அதனோடு வாழ்வார்க்கு இது சிறிதன்று.

முதற்கண், ஆட்டமே தீதென்று கொள்ளுதல் பொருந்தாது. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூர் அப்பரடிகளின் பாடல் பெற்ற தலம். அங்குள்ள பெருமான் சதுரங்க வல்லபநாதர் என்னும் திருநாமம் உடையர். தென்பாண்டி நாட்டு மன்னன் மகளாக வளர்ந்து, சதுரங்கத்தில் எவராலும் வெல்லப்படாதிருந்த இராசராசேசுவரியைச் சித்தர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தருளினார் என்பது தலவரலாறு. 2022ஆம் ஆண்டு சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நிகழ்ந்தபோது இத்தலத்தின் பெருமை பலராலும் பேசப்பட்டது. 2024 திசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேசு, பதினெட்டாம் அகவையிலேயே உலக வாகையராயினார். அறிவைக் கூர்மையாக்கும் கலையாகச் சதுரங்கம் போற்றத்தக்கதே. திருப்பூவனூரில் ஆட்டம் இருவரைக் கூட்டியது. பல வீடுகளில் அதுவே இருவரைப் பிரிக்கின்றது. வேறுபாடு காயிலன்று, ஆடும் உயிரிலேயே உள்ளது.

சைவசித்தாந்தம் உயிரைச் சார்ந்ததன் வண்ணமாவது என்று கூறும். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே தன்னிறமாகக் காட்டுதல் போல, உயிரும் தான் எதனைப் பற்றுகின்றதோ அதுவாகவே நிற்கும். இறைவனோ எல்லாவற்றிலும் கலந்து நின்றும் அவற்றின் தன்மையைத் தாக்கப்பெறாதவன். ஆதலின் ஐந்தொழிலும் அவனுக்கு விளையாட்டாகும். உயிர்க்கோ விளையாட்டும் தொழிலாகிக் கட்டாய் முடியும். ஒழிவு நேரத்து மகிழ்ச்சிக்காகப் பலகையின்முன் அமர்ந்தவன், சிறிது காலத்தில் பலகைக்காகவே பிற நேரத்தை ஒழிக்கின்றான். முன்னது ஆடுதல், பின்னது ஆட்டுவிக்கப்படுதல்.

திருவள்ளுவர் சூதினைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தனர். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், பொருளை இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் மிகுதலை, துன்பம் உழக்குந்தோறும் உடலின்மேல் உயிர்க்குக் காதல் மிகுதலோடு ஒப்பிட்டனர். பணயமில்லாத ஆட்டத்திற்கும் இது பொருந்தும். அங்கே இழக்கப்படுவது பொன்னன்று, காலமும் உறவுமாம். இக்காலத்தில் பலகை கைப்பேசிக்குள் புகுந்து படுக்கையறை வரையிலும் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பகுப்பில், மின்னணு விளையாட்டுகளின்பாற் படும் பித்தினையும் ஒரு நோயாகச் சேர்த்துள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளினும் அதனை முற்படுத்தல், கேடு கண்டபின்னும் விடாமை என்பன அதன் குறிகள். பெரும்பாலும் ஓராண்டேனும் இவை நீடித்து வாழ்வைக் குலைத்தாலன்றி நோயெனக் கொள்ளப்படா. ஆகலின் ஓரிரு நாள் ஆடியவரையெல்லாம் பித்தரென்று பழித்தலும் அறமாகாது.

இனி, உடன் வாழ்வார் செய்யத்தக்கது யாதெனின், முதலில் வன்மையால் தடுத்தலை நோக்குவாம். மார்செல் துசாம் என்னும் பிரஞ்சு ஓவியர் 1927இல் மணம் புரிந்தார். மணம்புரிந்த புதிதிலும் இரவெல்லாம் சதுரங்கச் சிக்கல்களிலேயே ஆழ்ந்திருக்கக் கண்ட மனைவி, அவர் உறங்கும்போது காய்களைப் பலகையோடு பசையிட்டு ஒட்டிவிட்டார் என்பர். 1928 தொடக்கத்திலேயே அம்மணம் முறிந்தது. காயைப் பலகையில் ஒட்டுதல் எளிது. ஒட்டிய மனத்தைப் பலகையினின்று பெயர்த்தல் அரிது. அன்றியும், சார்ந்ததன் வண்ணமாதல் இருவர்க்கும் பொதுவன்றோ? ஒருவர் நாள் முழுதும் பலகையைப் பற்ற, மற்றவர் நாள் முழுதும் அப்பலகையின்மேற் கொண்ட வெகுளியைப் பற்றுவாராயின், ஒரு பலகை இரண்டு உயிர்களை விழுங்கியதாகும். உடன் வாழ்வார் காக்கவேண்டிய முதற்பொருள் தம் உள்ளமே.

அற்றேல், வாய்வாளாது பொறுத்தலே நன்றெனின், அதுவும் முழுதும் நன்றன்று. சிவபெருமானும் உமையம்மையும் கயிலையிற் சூதாடினமையும், சான்றாக இருந்த திருமால் உண்மைக்கு மாறாக மொழிந்து அம்மையின் சாபத்தால் பாம்புருப் பெற்றமையும் கந்தபுராணத்திற் கூறப்படும். ஆண்டுச் சாபத்திற்குரியதாயது ஆட்டமன்று, பொய்ச்சான்றே என்பது கருதத்தக்கது. இல்லத்திலும் இங்ஙனமே. கணவன் கடமை தவறியதை உறவினர்க்கு மறைத்து, "அவர்க்கு வேலை மிகுதி" என்று மனைவி கூறுவாளாயினும், "ஆடவர்க்கு இதுவும் ஒரு பொழுதுபோக்கு, நீ பொறு" என்று மாமியார் கூறுவாராயினும் அவை பொய்ச்சான்றேயாம். பொறுமை என்பது துன்பத்தைத் தாங்குதல். பொய்யைத் தாங்குதல் அன்று.

பாரதத்திலே, தருமன் தன்னை முன் இழந்தனனோ, என்னை முன் இழந்தனனோ என்று திரௌபதி வினாவினாள். தன்னையே இழந்தவன் பிறரைப் பணயமாக்க உரிமையுடையன் அல்லன் என்பது அவ்வினாவின் உட்பொருள். மனையாளின் உறக்கத்தையும் மக்களின் வளர்ப்பையும் கேளாமலே பலகையின்முன் வைத்து இழப்பவரை நோக்கி இவ்வினாவை எழுப்புதல் கலகமாகாது, அறமேயாகும். ஆட்டத்தின் நடுவிலன்றி, உள்ளம் தணிந்த பொழுதிற் கேட்டல் வேண்டும்.

நளன் வரலாறு மற்றொரு வழியைக் காட்டும். கால் கழுவுங்கால் ஒரு சிறிது இடம் நனையாது விட்டமை பற்றிக் கலி அவனுட் புகுந்தான் என்று நளவெண்பா கூறும். பெரும்பித்தும் கவனியாத சிறு வாயிலாலேயே புகும். தமயந்தி நளனையும் கலியையும் வேறு வேறாகக் கண்டாள்; கலியை வெறுத்தாள், நளனைத் தேடினாள். எனினும் தேடுதற்கு முன் தந்தையின் இல்லத்தைச் சார்ந்து தன்னையும் காத்துக்கொண்டாள். கணவனைக் கைவிடாமை வேறு, அவன் வீழ்ச்சியிற் றானும் வீழ்தல் வேறு. மலத்தாற் கட்டுண்ட உயிரை மலமென்றே வெறுத்தொதுக்காத சித்தாந்தக் கொள்கைக்கு இவள் ஒழுக்கம் இயைந்ததாம்.

அற்றாயின், மூர்க்க நாயனார் சூதாடியன்றோ அடியாராயினார் எனின், அவர் திருவேற்காட்டிற் பிறந்து, உள்ளதெல்லாம் அடியார்க்கு அமுதூட்டிச் செலவிட்டபின், குடந்தையிற் சூதாடிய பொருளைத் தம் கையாலும் தீண்டாது அமுதாக்குவாரிடம் சேர்ப்பித்து, தாம் கடைப்பந்தியில் உண்டவர். அவர் நெஞ்சு சார்ந்தது பலகையையன்று, அடியாரையே. அவ்வாட்டத்தால் பிறர் பசி தீர்ந்தது. தன் வீட்டார் பசித்திருக்க ஆடுவோர்க்கு அவர் சான்றாகார்.

ஆகலின் உடன் வாழ்வார்க்குரிய அறம் இவ்வாறு அமையும்: ஆட்டத்தைப் பழியாமை, அளவுக்குட்பட்ட பொழுதில் எதிரமர்ந்து தாமும் ஆடுதல், குடும்பத்திற்கென ஒரு நாழிகையைப் பிறழாது வரையறுத்துக் கேட்டல், கடனையும் பொய்யையும் மறையாமை, நோயின் எல்லையை அடைந்தவிடத்து மருத்துவர் துணையை நாடுதல், கொடுமையும் வறுமையும் சூழ்ந்தவிடத்து மக்களோடு காவலான இடம் சேர்தல்.

ஆடுவோரும் ஒன்றை நினைவர். ஆட்டம் முடிந்தபின் அரசும் காலாளும் ஒரே பையிற் கிடக்கும். எதிரே நெடும்பொழுது காத்திருந்த துணையின் நாட்களோ மீள அடுக்கப்படா. அதனை உணர்ந்து முகம் நிமிர்த்துவோர்க்கு இல்லமே திருப்பூவனூராகும்.