எவர் எதிரில் உறுதி?

தலைவனுக்கு வேண்டிய பண்பு எது? கேட்டவுடன் இளைஞர் பலர் தரும் விடை, "உறுதி!" என்பதே. எடுத்த முடிவில் நிற்பவன், எதிர்ப்புக்கு அஞ்சாதவன், எவருக்கும் வளையாதவன், அவனே தலைவன் என்கின்றனர். கேட்க இனிக்கிறது, கைதட்டத் தோன்றுகிறது. ஆனால், கைதட்டுமுன் சற்றே கருதிப் பார்க்க வேண்டாமா, தோழர்களே?

எங்கள் ஊத்தங்கரை இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878-இல் பிறந்தவர் இராசகோபாலாச்சாரியார். அறிவிற் சிறந்தவர், எளிய வாழ்வினர், சிறை கண்டவர். உறுதியும் அவரிடம் குறைவின்றி இருந்தது. 1939-இல், ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தபோது, வைதிகர் சீறினர். சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கிய ஆச்சாரியார் அஞ்சவில்லை. நுழைந்தோரைக் காக்கச் சட்டமே செய்தார். அந்த உறுதியை நாம் பாராட்டியே தீரவேண்டும்.

அதே ஆச்சாரியார், 1953-இல் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பிள்ளைக்கு நாளுக்கு 3 மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். துணி வெளுப்பவர் மகன் வெள்ளாவிக்கு. குயவர் மகன் சக்கரத்துக்கு! "குலக்கல்வி" என்று நாடு குமுறிற்று. சட்டமன்றத்திலே எதிர்ப்பு, சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு. அவர் வளையவில்லை. 1954-இல் பதவி விலக நேர்ந்தது.

உறுதி அதே உறுதிதான், உடையவரும் அவரேதான். பின் ஏன் ஒன்று புகழாயிற்று, மற்றொன்று பழியாயிற்று? 1939-இல் அவர் எதிர்த்து நின்றது, பிறர் உரிமையைப் பூட்டி வைத்தவர்களை. 1953-இல் எதிர்த்து நின்றது, தம் பிள்ளைகளின் எதிர்காலம் எண்ணிப் பதறிய பெற்றோரை. முன்னது வீரம், பின்னது பிடிவாதம்.

அடுத்து வந்த காமராசர், பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்துத் தோற்ற சி. சுப்பிரமணியத்தை அமைச்சரவையில் அமர்த்திக்கொண்டார். மறுமாதமே அந்தச் சுப்பிரமணியமே, திட்டம் கைவிடப்பட்டதெனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். மூதறிஞர் செவியில் ஏறாத பெற்றோர் குரல், ஏட்டுப் படிப்புக் குறைந்தவர் செவியில் ஏறிற்று!

அப்படியானால், கூட்டம் கூவுவதையெல்லாம் கேட்பவன்தான் தலைவனா? இல்லை. சாதிவெறியர் ஆயிரவர் கூடி ஆர்ப்பரித்தாலும் அவன் அசையலாகாது. ஆனால், அவன் முடிவால் எவர் முதுகில் சுமை ஏறுகிறதோ, அவர் ஒருவரே முனகினாலும் அவன் நின்று கேட்க வேண்டும்.

நான் பாடம் சொல்லும் வகுப்பிலே, தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைக் கல்வியை எட்டிய பிள்ளைகள் இருக்கின்றனர். அப்பன் தொழில் எதுவென்று அங்கே கேட்பாரில்லை. நாள் முழுதும் அமர்ந்து படிக்கின்றனர். அன்று ஒரு தலைவர் காது கொடுத்தாரே, அதன் பயனில் அவர்களுக்கும் பங்குண்டு.

இளைஞனே! நாளை உன் மன்றத்திலும் சங்கத்திலும் உனக்கும் பொறுப்பு வரும். "வளையமாட்டேன்!" என்று நெஞ்சை நிமிர்த்துமுன், எதிரே நிற்பவர் யாரென்று பார். பூட்டுப் போட்டவரா? உறுதியாய் நில்! சுமை தாங்குபவரா? அமைதியாய்க் கேள்!