பொலிநாயும் உடையவன் பொறுப்பும்

செம்பூர்வாசியான இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஐயத்தோடு வந்தார். அவர் இல்லத்தில் இராஜபாளையம் நாய் ஒன்று வளர்கின்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த அதே இனம். பால்போன்ற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. பெட்டை வளர்க்கும் ஒருவர் அதனை இணை சேர்க்கக் கேட்டாராம். ஈடாகப் பணம், அன்றேல் ஈற்றில் விரும்பிய குட்டி ஒன்று. "அண்ணாச்சி, நாய்க்கு இது இயல்பு, எனக்கோ செலவில்லை. இதில் குற்றம் உண்டா?" என வினவினார்.

"செலவில்லை" என்னும் சொல் என் நெஞ்சில் தைத்தது. ஒருவனுக்குச் செலவின்றி வரவு வருமாயின் அச்செலவை வேறெவரோ ஏற்கின்றனர் என்பதை ஆலையில் உழைத்த நாளிலேயே கண்டவன் யான்.

எனினும் நாயைப் பற்றி யான் அறிந்தது சொற்பம். ஆதலின் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவர் கூறியன பல. பெட்டையை ஆண் நாயின் இடத்துக்குக் கொண்டுவருவதே வழக்கமாம். இணைந்தபின் இரண்டும் பிணைந்து அரைமணி நேரம்வரை நிற்பதுண்டு. அஞ்சிப் பிரித்திழுத்தால் இரண்டுக்கும் காயம். புருசெல்லா என்னும் தொற்று ஒன்றுண்டு. அது கருவைச் சிதைக்கும், மனிதரையும் பற்றும், நாயின் உடலினின்று முற்றிலும் நீக்குதல் அரிது. பிறப்புறுப்பில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியும் இணைசேர்க்கையால் பரவும். நம் நாட்டுத் தெருநாய்களிடை அது மிகுதி. ஆகவே இரண்டையும் முன்னரே சோதித்தல் வேண்டும். ஒருமுறை இணைந்த ஆண், பெட்டையின் மணம் வீசும்போதெல்லாம் உணவை வெறுத்து ஊளையிடுவதும், வீட்டினுள்ளேயே சிறுநீர் தெளிப்பதும் உண்டு. ஓரறை வீட்டில் வாழும் நம்மவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை ஆண் நாய்க்குரியோன் படும் பாடு. பெட்டையோ ஏறக்குறைய 63 நாள் சுமக்கின்றது. குட்டி குறுக்கே நின்றால் வயிற்றைக் கீறி எடுக்க வேண்டும். விலைபோகாத குட்டிகள் எங்கே செல்கின்றன? தாராவியின் குப்பைமேட்டருகே கழுத்துப்பட்டையோடு அலையும் 'சாதிநாய்'களை யான் கண்டுளேன். (அச்சொல்லை எழுதவும் என் கை கூசுகின்றது, ஆயினும் மக்கள் வழங்குவது அதுவே.)

அங்குத்தர நிகாயம் இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் உயிர்வாணிகமும் ஒன்று. பண்டை உரைகாரர் அதனை மனிதரை விற்றல் என்றே கொண்டனர். ஆகவே சூத்திரத்தைக் காட்டி இளைஞரின் வாயை அடைக்க யான் விரும்பவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன்: "தம்பி, இவ்விணையைத் தேர்ந்தது நாயா, நீரா?" விலங்கு தன் இயல்பில் செய்வது வேறு, நாளும் துணையும் விலையும் நாம் குறித்துச் செய்விப்பது வேறு. பின்னதில் எண்ணம் நம்முடையது. எண்ணமே கம்மம் என்றார் பகவர். குட்டிகளின் பதிவுத்தாளில் தந்தை நாயின் பெயர் நிற்குமாயின், அதன் உடையவன் மட்டும் பணத்தோடு விலகிவிடுதல் எங்ஙனம் முறையாகும்?

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், நாய் இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும் என்றும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்றும் விதிக்கின்றன.

இறுதியாக மருத்துவர் கூறியதே எங்களை நிறுத்தியது. இவ்வினத்தில் வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் தொடர்ந்து வருகின்றது. இரு செவியும் கேளாக் குட்டியை எளிதில் அறியலாம். ஒரு செவி மட்டும் கேளாத நாய் கைதட்டினால் திரும்பும், உடையவனும் அறியான், ஆயினும் அக்குறை குட்டிகளுக்கு இறங்கலாம். ஒலி வரும் திசையை அறியாது தடுமாறுவதே அதன் அடையாளம்.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின், "கூப்பிட்டால் வருகிறான், அண்ணாச்சி, ஆனால் எப்பக்கமிருந்து கூப்பிட்டேன் என்று நாற்புறமும் பார்த்துவிட்டே வருகிறான்" என்றார்.

பெட்டைக்குரியவருக்கு அவர் இன்னும் விடை கூறவில்லை. செவிச் சோதனை எங்கே செய்வார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றார்.