அப்புண்ணி யாரைப் பழிவாங்கினான்?

கல்பாத்திப் புழை பறளியில் கண்ணாடிப் புழையோடு சேர்ந்து பாரதப்புழை என்னும் ஆறாகிறது. அதன் கரையில் இன்னும் மேற்கே இருக்கிறது கூடல்லூர். அந்த ஊரில் பிறந்து, பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்த எம்.டி. வாசுதேவன் நாயர் 1958-இல் எழுதிய ‘நாலுகெட்டு’ நாவலின் அப்புண்ணிக்குச் சிறுவயதிலேயே இரண்டு பகைகள். அப்பாவை விஷம் வைத்துக் கொன்றவன் என்று ஊர் சொல்லும் சைதாலிக்குட்டி ஒன்று. காதலித்தவனோடு போனாள் என்பதற்காக அம்மாவைத் தள்ளிவைத்த தறவாடு, அதாவது அவளுடைய கூட்டுக்குடும்பம், மற்றொன்று. வளர்ந்து ஆளானதும் இரண்டையும் தீர்த்துக்கொள்வதே அவன் வைராக்கியம். அந்த வைராக்கியம் எங்கே கரைகிறது என்பதில்தான் நாவலின் அறம் இருக்கிறது.

தறவாட்டு வீட்டிலிருந்து விரட்டப்பட்டு வரும் சிறுவனுக்கு வழியில் ஆறுதல் சொல்பவன் அந்தச் சைதாலிக்குட்டிதான். பின்னால் வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வழி செய்பவனும் அவனே. ஆனால் பகைவனின் கருணை மட்டும் அப்புண்ணியின் மனத்தை மாற்றப் போதாது. நன்றிக்கடனாக அது நின்றுவிடலாம். மனமாற்றத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. சங்கரன் நாயர் என்பவரோடு அம்மாவைச் சேர்த்து ஊர் பேசிய பேச்சைக் கேட்டு அப்புண்ணி அவளை உதறிவிட்டுப் போகிறான். தறவாட்டின் தலைவரான காரணவர் அவளுக்குச் செய்ததும் இதேதான். தறவாட்டைப் பழிவாங்கக் கிளம்பியவன் அதன் தீர்ப்பையே, அதே குற்றச்சாட்டின் பேரில், அதே பெண்மீது மறுபடி நிறைவேற்றியிருக்கிறான். பழியுணர்ச்சியின் பெரிய கேடு இதுதான்: எதிரியின் நியாயத்தை நாம் அறியாமலே நம்முடையதாக்கிவிடுகிறது. அலெக்ஸாந்தர் துய்மாவின் மான்டி கிறிஸ்டோ பிரபுவுக்குத் தன் பழியின் நியாயத்தில் சந்தேகம் வர, ஒரு குழந்தையின் பிணத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புண்ணிக்கு, உயிரோடிருக்கும்போதே கைவிடப்பட்ட தாய் போதுமானவளாக இருந்தாள்.

கடனில் மூழ்கிய காரணவரிடமிருந்து தறவாட்டு வீட்டை விலைக்கு வாங்கிய பிறகு அப்புண்ணிக்கு வரும் கனிவு வென்றவனின் சொகுசுதானே என்று கேட்கலாம். கையில் ஒன்றுமில்லாதவன் பொறுத்துக்கொள்வதை இயலாமை என்றே உலகம் எடுத்துக்கொள்கிறது. திருப்பி அடிக்க முடிந்தவன் நிறுத்தும்போதுதான் அது அவனுடைய முடிவாகிறது. இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கொல்லப்பட்ட தந்தையின் சார்பில் மன்னிக்க மகனுக்கு என்ன உரிமை? உரிமை இல்லைதான். தண்டிக்கும் வேலையைத் தான் எடுத்துக்கொள்ளாமல் விடலாமே தவிர, கொலையை இல்லையென்று ஆக்க அவனால் முடியாது. தந்தையின் கணக்கு தீராமலே நிற்கிறது. அதைத் தீர்ந்ததாகக் காட்டியிருந்தால் நாவல் பொய்த்திருக்கும்.

கடைசியில் நாலுகெட்டு எனப்படும் அந்தத் தறவாட்டு வீட்டை இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வரும் சிறிய வீடு கட்டலாம் என்கிறான் அப்புண்ணி. அதுவும் பழியின் கடைசி அடிதான் என்று வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் அந்த வாசிப்பு நிற்காது. தறவாட்டை அவமானப்படுத்துவது மட்டுமே நோக்கமென்றால் வீட்டை வாங்கிய அன்றே இடித்திருக்கலாம். அவனோ முதலில் அம்மாவை, அதுவும் தான் வெறுத்த சங்கரன் நாயரோடு சேர்த்தே, அவள் விரட்டப்பட்ட அந்த வீட்டுக்குள் அழைத்து வருகிறான்.