புதுத்துணிக்கு நினைவு உண்டா?

பழைய துணியில் தைத்த ஒட்டுப்போர்வையைப் பற்றி எழுதுவது சுலபம். அப்பாவின் சேட்டு, அம்மாவின் சேலைத் தலைப்பு, பள்ளிக்கூடச் சட்டை என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. எழுதுகிறவர் அதைப் பொறுக்கி எடுத்தால் போதும். புலம்பெயர்ந்தோர் எழுத்தில் இந்தக் கந்தல் உவமை கொஞ்சம் அதிகமாகவே புழங்கிவிட்டது என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் நேற்றுக் கடையில் வாங்கிய, கஞ்சி மணம்கூடப் போகாத துணியை வெட்டி அதே போர்வையைத் தைத்தால் அதற்கு என்ன அர்த்தம்?

ரொறொன்ரோவில் நாங்கள் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து குயில்ற் தைக்கிறோம். மேலே ஒட்டுத்துணி, நடுவிலே பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல். அவ்வளவுதான் அதன் சூத்திரம். இப்போது துணிகள் தொகுதிகளாக வருகின்றன. ஒரே ஓவியர் வரைந்த, ஒன்றோடொன்று இசையும் அச்சுத்துணிகளைக் கடைக்காரரே 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, 42 துண்டுகள் கொண்ட கட்டாக விற்கிறார். நாங்கள் வாங்கிய கட்டு அடக்கமானதல்ல. கத்தரிப்பூ நாவலும் செவ்வரத்தம்பூச் சிவப்பும் பழுத்த மாம்பழ மஞ்சளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் பெரிய பெரிய பூக்கள். சன் பிரான்சிஸ்கோவில் 1937இல் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய கஃபே ஃபாசெற் போன்றவர்கள் பழக்கிவிட்ட துணிச்சல் இது. ஓரத்துக்குக் கால் அங்குலம் விட்டு, ஆறுக்கு ஏழாக அடுக்கித் தைத்தால் 27 அங்குல அகலமும் 31½ அங்குல நீளமும் வரும். ஒரு குழந்தைக்குக் காணும்.

குழந்தை இன்னும் பிறக்கவில்லை. எங்களில் ஒருத்தியின் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள். அவளுடைய அம்மம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் கிடக்குது பிள்ளையள். ஆனா பிறக்க முன்னம் புதுத்துணி தைக்கிறதே? பழஞ்சேலை கிழிச்சுத்தானே கிடத்துறது" என்றார்.

பழஞ்சேலைக்கு எங்கே போவது? 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த குடும்பம் அது. காணி உறுதி வந்தது, அடையாள அட்டைகள் வந்தன. சேலைகள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. எங்களில் ஒருவர், பழைய துணிக்கடையில் யாருடையதாவது ஒரு சேலை வாங்கலாம் என்றார். இன்னொருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துணிபோலத் தோன்றும்படி இன்று அச்சடித்து விற்கும் மங்கல் துணிகளைச் சொன்னார். இரண்டுமே எங்களுக்கு ஒப்பவில்லை. முதலாவதில் வேறொருவரின் இழப்பை எங்களுடையதாக உடுத்துகிறோம். இரண்டாவதில் துணியே பொய் சொல்கிறது. இல்லாத நினைவுக்கு ஒரு பிரதி செய்து வைப்பதிலும் பார்க்க, இல்லை என்று ஒத்துக்கொள்வது நேர்மை அல்லவா?

இங்கேதான் அலபாமாவின் ஜீஸ் பென்ட் பெண்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்த ஊரில் பலருக்கும் பழைய தோட்ட முதலாளியின் பெயரான பெற்வே என்பதுதான் இன்னும் குடும்பப் பெயர். மிசூரி பெற்வே என்ற பெண் 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். வெயிலில் வெளிறிய நீலமும் சாம்பலுமான அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. 1966இல் தொடங்கிய ஃபிறீடம் குயில்ற்றிங் பீ என்ற கூட்டுறவுக்கு, 1972இல் சியேர்ஸ் கம்பனியிடமிருந்து கோடுறோய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. எவர் உடம்பிலும் படாத துணி, எந்த மரணத்தையும் அறியாத துணி. அதிலிருந்தும் அந்தப் பெண்கள் அட்டகாசமான போர்வைகளைத் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்ரன் நூதனசாலையில் தொடங்கிய கண்காட்சியில் கந்தலும் கோடுறோயும் ஒன்றாகத்தான் தொங்கின.

(வறுமையில் தைத்ததை நூதனசாலைச் சுவரில் பார்த்து மெய்சிலிர்ப்பவர்களிடம் எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. குளிருக்குத் தைத்தவர்கள் அவர்கள். அது வேறு கதை.)

அப்படியானால் அம்மம்மா சொன்னதைத் தள்ளிவிடலாமா? அவருடைய சொல்லில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, பழந்துணி மெதுமையானது. கஞ்சியும் மிஞ்சிய சாயமும் போய்விட்டது. பிள்ளையின் தோலை அராவாது. இதற்குப் பரிகாரம் உண்டு. ஆனால் கட்டாக வந்த சின்னத் துண்டுகளைத் தைக்க முன்னம் கழுவினால் ஓரம் பிரிந்து அளவு கெட்டுப்போகும். ஆகவே முழுப்போர்வையையும் தைத்தபின், சிவப்புச் சாயம் கசிந்து மஞ்சளில் ஏறாதபடி நிறையத் தண்ணீரில் மூன்று நாலு தரம் அலசவேண்டும்.

மற்றது அப்படிச் சுலபமானதல்ல. வராத பிள்ளைக்குத் தொட்டில் கட்டாதே என்ற பயம் அது. கண்ணூறு என்று சொல்லி இளைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எதிர்பார்த்து வைத்ததெல்லாம் ஒரே இரவில் பறிபோன ஒருவருக்கு அது மூடநம்பிக்கை மட்டும்தானா என்று எங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. புதுத்துணி என்பது எதிர்காலத்தின் மேல் வைக்கும் ஒரு பந்தயம். பந்தயம் வைக்க எங்களுக்கு உரிமை உண்டு; அவருக்குப் பயப்படவும் உரிமை உண்டு. ஒன்றுக்காக மற்றதை அழிக்க வேண்டுமா?

நாங்கள் கதைத்துக் கதைத்துக் கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். போர்வையின் கரைநாடாவில் மூன்று பக்கத்தைப் பின்னால் மடித்துக் கைத்தையல் போட்டாயிற்று. நாலாவது பக்கத்தைப் பிள்ளை பிறந்த பிறகு அம்மம்மாவே தைப்பார். அலசுவதும் அதற்குப் பிறகுதான். ஊசியில் நூல் கோர்ப்பதற்கு மட்டும் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.